படிக்காத, சின்ன ஊர்ப் பாட்டியின் வாழ்க்கையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

"போன மாதம் பாட்டி இறந்துவிட்டார். படிக்காதவர், சின்ன ஊர், சாதாரண வாழ்க்கை. அவரைப் பற்றி எழுத ஆசை, ஆனால் எழுத என்ன இருக்கிறது என்று தெரியவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை. இதே கேள்வியை எங்கள் வீட்டிலும் கேட்டார்கள், அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம்தான்.

2018-ல் அம்மாச்சி இறந்த அன்று, கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்கிற பையன் வந்து, "பாட்டியப் பத்தி என்ன போடணும்?" என்று கேட்டான். மாமா சற்று யோசித்துவிட்டு, "அதப் பத்தி என்ன போட, எங்க பேரெல்லாம் வரிசையா போட்டுருப்பா" என்றார். போட்டான். பேரன் பேத்திகள் பெயர், எங்கள் படிப்பு, மருமகன் வேலை, வெளிநாட்டில் இருக்கிற ஒருவருக்கு அந்த நாட்டின் பெயர் என்று எல்லாம் வந்தது. அவளுக்கு ஒரே வரி. அதிலும் தாத்தா பெயர் முதலில் பெரிதாக, 'அவர்களின் துணைவியார்' என்று பின்னால் சின்னதாக. தாத்தா இறந்து நாற்பது வருஷம் ஆகப் போகிறது. ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்து வந்தவர்கள், "இது யாரு, நம்ம வெள்ளரிக்காக்காரம்மாவா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

அவள், இவள் என்று எழுதுவதை மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் அம்மாச்சியை வா, போ என்றுதான் கூப்பிடுவோம். 'வாங்க' என்று ஒரு தடவை சொன்னதற்கு, "என்னடி, நான் என்ன விருந்தாளியா?" என்று கேட்டிருக்கிறாள்.

எங்கள் ஊர் சாத்தூர். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அது ராமநாதபுரம் மாவட்டம், இப்போது விருதுநகர் மாவட்டம். வெளியூர்க்காரர்களுக்கு சாத்தூர் என்றால் காராச்சேவும் வெள்ளரிக்காயும்தான் ஞாபகம் வரும். ஊருக்குள் இருப்பவர்களுக்கு அதோடு தீப்பெட்டி ஆபீஸும் பேனா நிப்புப் பட்டறையும் சேரும். தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்வது தொழிற்சாலையைத்தான், அந்தப் பக்கத்துப் பேச்சு அப்படி.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அம்மாச்சி வீட்டிலேயே பெட்டி ஒட்டினாள். மெல்லிய மரச்சீவலை மடக்கி, நீலத் தாள் சுற்றி, மைதாப் பசை தடவி ஒட்ட வேண்டும். நூற்று நாற்பத்து நாலு பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில்தான். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் இத்தனை குரோஸுக்கு இவ்வளவு என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவாள். கணக்குப்பிள்ளை குறைத்து எழுதினால் அங்கேயே உட்கார்ந்துகொள்வாளாம், திருத்தி எழுதுகிற வரை எழுந்திருக்க மாட்டாளாம். கூட வந்த பெண்கள், "விடுக்கா, பிள்ளைக்குப் பால் கொடுக்கணும்" என்று கெஞ்சினாலும் நகர மாட்டாள். அந்தப் பிள்ளை என் அம்மா. தனுஷ்கோடிப் புயல் அடித்த வருஷம், அதாவது 1964-ல், அம்மா கைக்குழந்தை. எங்கள் வீட்டில் எல்லோருடைய வயதும் இப்படித்தான் கணக்கு. பிறந்த தேதி யாருக்கும் கிடையாது.

தாத்தா மண்டியில் மூட்டை தூக்கினார். நல்ல மனுஷன் என்பாள். "ஆனா கையில காசு தங்காது" என்றும் சேர்த்தே சொல்வாள். ஒரு வெயில் காலத்தில் அவருக்கு இடுப்புப் பிடித்துப் படுத்துவிட, பெட்டி ஒட்டுகிற கூலி போதவில்லை. அப்போதுதான் வெள்ளரிக்காய் கைக்கு வந்தது. விடிவதற்கு முன்னால் தோட்டத்துக்குப் போய், பிஞ்சாகப் பார்த்து நூறு நூறாக எண்ணி வாங்குவாள். ஈரச் சாக்கு போட்டு மூடி, ஓலைப்பெட்டியில் சுமந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவாள். முற்றிய காயை ஒருநாளும் வாங்க மாட்டாள். நகத்தால் கீறிப் பார்க்கத் தேவையில்லை, கையில் எடுத்ததுமே எடையில் தெரிந்துவிடும் என்பாள். காயை நீளவாக்கில் வகிர்ந்து, உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவி, ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். பஸ் நிற்பது ரெண்டு நிமிஷம் மூணு நிமிஷம். அதற்குள் கொடுத்து, காசு வாங்கி, சில்லறையும் கொடுத்தாக வேண்டும்.

ஒரு தடவை ஒரு ஆள் நாலைந்து காய் வாங்கிக்கொண்டு, சட்டைப் பையைத் தடவுகிற மாதிரியே தடவிக்கொண்டிருக்க, பஸ் கிளம்பிவிட்டது. இவள் கத்திக்கொண்டே பின்னால் ஓடியிருக்கிறாள். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தானாம். சிரிக்காமல் இருந்திருந்தால் விட்டிருப்பேன் என்பாள். அடுத்து வந்த கோவில்பட்டி பஸ்ஸில் ஓலைப்பெட்டியோடு ஏறிவிட்டாள். இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். தெரிந்த கண்டக்டர், டிக்கெட் கேட்கவில்லை. கோவில்பட்டியில் அந்த ஆள் டீக்கடையில் நின்றிருந்தான். பக்கத்தில் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அய்யா, காய் நல்லாருந்துச்சா?" என்றாளாம். அவ்வளவுதான், காசைக் கையில் வைத்துவிட்டான். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து மிச்சக் காயை விற்று, சாத்தூரில் விற்பதைவிடக் கூடுதல் விலைக்குப் போனதால், அந்த வாரம் பூராவும் கோவில்பட்டிக்கே போனாள்.

இந்தக் கதையைச் சொன்னால் சிலர், "காசுக்காக இப்படியா?" என்பார்கள். இது காசு விஷயம் இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். காசு விஷயமும்தான். காசு இருந்தவர்களுக்குத்தான் அது அற்பமாகத் தெரியும்.

அந்தக் காசில்தான் 1974-ல் வீடு வாங்கினாள். ஆறு சென்ட் இடத்தில் ஒரு ஓட்டு வீடு, பின்னால் ஒரு வேப்ப மரம். தாத்தா பெயரில் பத்திரம் போடலாம் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். "எம் பேரு இல்லைன்னா எங் காசும் இல்ல" என்று முந்தானையை இறுக்கி முடிந்துகொண்டாளாம். தாத்தா சிரித்துக்கொண்டே, "அவ பேர்லயே எழுதுங்கப்பா" என்றிருக்கிறார். அதற்காகவே எனக்குத் தாத்தாவைப் பிடிக்கும், நான் பார்த்ததே இல்லை என்றாலும்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் எங்கள் வீட்டில் இன்னும் ஆறாதது. 1996-ல் அந்த இடத்தை மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு ரெண்டு சென்ட் என்று எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்றாள். மூன்று பேர் என்றால் மாமா, என் அம்மா, சித்தி. மாமாவுக்குத் தாங்கவில்லை. கட்டிக்கொடுத்த பெண்களுக்கு எதற்கு வீடு என்று கேட்டார். 1989-ல் தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமைச் சட்டம் வந்தபோதே, அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அது கிடையாது என்று போட்டிருக்கிறது, எனக்குத் தெரியும் என்றார். அவர் சொன்னது பொய் இல்லை, அந்தச் சட்டம் அப்படித்தான் இருந்தது. ஆனால் அது பூர்வீகச் சொத்துக்கு. இது அவள் பெயரில் அவள் வாங்கிய வீடு. அப்படி ஒரு பெண் வாங்கியது முழுக்க அவளுக்கே சொந்தம் என்று 1956-லேயே சட்டம் இருக்கிறது. அம்மாச்சிக்கு இந்த வருஷக் கணக்கெல்லாம் தெரியாது. அவள் சொன்னது, "இது உங்க அப்பன் வீடு இல்லடா, என் வீடு. வெள்ளரிக்கா வித்த வீடு."

மாமாவைக் கெட்டவராகக் காட்டுகிறேன் என்று எங்கள் சொந்தக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் நினைக்கலாம். இல்லை. கடைசி மூன்று வருஷம் அவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிப் பார்த்துக்கொண்டது மாமாவும் அத்தையும்தான். என் அம்மா மாதம் ஒருமுறை போனாள், நான் வருஷத்துக்கு ரெண்டு தடவை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பத்திரத்துக்குப் பிறகு ஆறேழு வருஷம் மாமா அம்மாவோடு பேசவில்லை என்பதும் உண்மை. ரெண்டையும் எழுத வேண்டியிருக்கிறது.

பத்திரம் பதிய நானும் போனேன், எனக்கு எட்டு வயது. பத்திரம் எழுதுகிறவர் எல்லாவற்றையும் தட்டச்சு அடித்து வைத்துவிட்டு, மைப்பெட்டியைத் திறந்து அம்மாச்சி பக்கம் தள்ளினார். "கைநாட்டுதானே பாட்டி, கட்டைவிரல நீட்டு."

அவள் விரலை நீட்டவில்லை. "பேனா குடுங்கய்யா" என்றாள்.

அதற்கு நாலைந்து வருஷம் முன்னால் ஊரில் அறிவொளி இயக்கம் நடந்தது. சாயங்காலம் தெருவிளக்கடியில், கோயில் வாசலில் என்று பெரியவர்களை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அம்மாச்சி ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அங்கே போய் உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுத்த பெண் எங்கள் தெருவிலேயே பத்தாவது முடித்துவிட்டு இருந்தவள், அம்மாச்சியை 'பாட்டி' என்று கூப்பிட்டவள். அம்மாச்சி அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டாள், கடைசி வரைக்கும். புத்தகம் முழுவதும் படித்து முடித்தாளா என்றால் இல்லை. பஸ்ஸின் பெயர்ப் பலகை படிக்க வந்தது, தன் பெயர் எழுத வந்தது. அதோடு வெள்ளரி சீசன் வந்துவிட்டது.

பேனா கேட்டதும் பத்திரம் எழுதுகிறவர், "கையெழுத்துப் போடத் தெரியுமா, நேரமாகுது பாட்டி, கைநாட்டு போதும்" என்றார். அப்போது அவள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "ஊருக்கெல்லாம் நிப்பு அடிச்சுக் குடுக்குற ஊருல இருந்துக்கிட்டு நான் கைநாட்டு வைக்கவாய்யா?"

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் நிப்புப் பட்டறைகள் இருந்தன. தகட்டை வெட்டி, வளைத்து, முனையைப் பிளந்து, பாலிஷ் போட்டு, எங்கெங்கோ அனுப்புவார்கள். நாள் முழுக்க டக் டக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பால்பாயிண்ட் பேனா வந்த பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்துபோயின. அந்தச் சத்தத்தில்தான் அவள் நாற்பது வருஷம் பெட்டி ஒட்டியிருக்கிறாள். அவளுக்கு அது சும்மா ஒரு சத்தமாக இருக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

கையெழுத்துப் போட ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் போட வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக. ஒரு பக்கத்தில் கடைசி எழுத்தின் கொம்பு இடம் மாறி விழுந்துவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதிவுக்குக் கட்டைவிரல் ரேகையும் கட்டாயம் வேண்டும், எல்லோருக்கும் அப்படித்தான் என்று விளக்கிச் சொன்ன பிறகு அதையும் வைத்தாள். "எல்லாருக்கும்னா சரி."

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. சொத்து விவகாரம் வருவதால் அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்கு அதில் வருத்தம்தான். நீங்கள் எழுதும்போது உங்கள் பாட்டியின் பெயரை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அம்மாச்சி இறந்த தகவல் வந்ததும் மேலாளரிடம் போய் லீவு கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "எத்தனாவது பாட்டி?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். பாட்டி செத்துவிட்டாள் என்று பொய் சொல்லி லீவு போடுவது ஒரு வழக்கமான நகைச்சுவை, எனக்கும் தெரியும், நானும் பள்ளிக்கூடத்தில் அதற்குச் சிரித்திருக்கிறேன். ஆனால் என் முகத்தைப் பார்த்த பிறகும் அந்த மனுஷர் சிரிப்பை நிறுத்தவில்லை. அப்புறம் அலுவலக விதியைக் காட்டினார்கள். துக்க விடுப்பு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் இறந்தால் மட்டும்தான். மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். போகட்டும், பணம் பெரிதில்லை. என்னை ஐந்து வயது வரை வளர்த்தவள் நெருங்கிய உறவு கிடையாது என்று ஒரு தாளில் அச்சடித்து வைத்திருப்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்த வேலையை அடுத்த வருஷம் விட்டேன். அதற்காக மட்டும் இல்லை, ஆனால் அதுவும் ஒரு காரணம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வெளியூரில் வேலையில் இருப்பவர் என்று நினைக்கிறேன். பாட்டியின் கடைசிக் காலத்தில் பக்கத்தில் இருந்திருக்க மாட்டீர்கள். அந்தக் குற்ற உணர்ச்சிதான் எழுதத் தூண்டுகிறது, அதுவே எழுத விடாமலும் பண்ணுகிறது. எனக்கு அப்படித்தான் இருந்தது. தவறாகச் சொல்லியிருந்தால் மன்னித்துவிடுங்கள். அவர் என்ன விற்றார், என்ன கூலி வாங்கினார், யாரோடு சண்டை போட்டார், எந்தச் சண்டையில் தோற்றார் என்று உங்கள் அம்மாவிடம் இன்றைக்கே கேளுங்கள். "பாட்டி எப்படிப்பட்டவங்க?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "தங்கமானவங்க" என்றுதான் பதில் வரும், அதை வைத்துக்கொண்டு ஒரு பத்திகூட எழுத முடியாது.

என் அம்மாச்சி தங்கமானவள் இல்லை. வாய் அதிகம். பேத்திகளுக்கு ரெண்டு முறுக்கு, பேரனுக்கு மூணு என்று கொடுப்பாள், சொத்தைச் சமமாகப் பிரித்த அதே கைதான். வீட்டுக்கு வேலைக்கு வருகிற ஒரு அம்மாவுக்கு வாசலில் தனி டம்ளர் வைத்திருந்தாள். கல்லூரியில் படிக்கும்போது அதற்காக நான் அவளோடு சண்டை போட்டு, சாப்பிடாமல்கூட இருந்திருக்கிறேன். அவள் அந்த டம்ளரை மாற்றவில்லை. "பேசாமப் போடி" என்றாள். இதற்கு நான் ஒரு சமாதானமும் சொல்லப் போவதில்லை. இதை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதினால் அது வேறு யாரோ ஒரு பாட்டி ஆகிவிடும்.

ஆதார் எடுக்க அழைத்துப் போனதும் ஞாபகம் வருகிறது. கைரேகை மெஷின் அவள் விரல்களைப் பிடிக்கவே இல்லை. பசையும் மரச்சீவலும் உப்பும் பட்டுப் பட்டு ரேகை தேய்ந்துபோயிருந்தது. விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னார்கள். மூன்றாவது தடவை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "எனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே, அத எழுதிக்கச் சொல்லு அந்த மெசின" என்றாள். அங்கே இருந்த பையன் நல்ல பையன். "உங்களுக்குக் கையெழுத்து வேற தெரியுமா பாட்டி, போட்டுக் காட்டுங்க" என்று ஒரு தாளை நீட்டினான். போட்டாள். கொம்பு சரியாக விழுந்திருந்தது.

அவள் முதல் ஓட்டு போட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். 1957. அப்போது இருபத்தொரு வயது ஆனால்தான் ஓட்டு, இவளுக்கு அந்த வருஷம்தான் ஆகியிருந்தது. முதலமைச்சராக இருந்த காமராஜர் எங்கள் சாத்தூர்த் தொகுதியில் நின்றார். இப்போது மாதிரி மெஷின் கிடையாது, தாளில் முத்திரை குத்துவதும் கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் அவர் சின்னம். மறைவுக்குள் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். காங்கிரசுக்கு இரட்டைக் காளை மாடு. மாமியார் கூட்டிப் போகும்போது வழியெல்லாம் எந்தப் பெட்டி, எந்தப் பெட்டி என்று சொல்லிக்கொண்டே போனாளாம். திரும்பி வந்ததும், "சொன்ன மாதிரி போட்டியா?" என்று கேட்டிருக்கிறாள். "அது ரகசியமாம், அங்கன இருந்த ஆபீசரு சொன்னாரு" என்றாளாம் இவள். மாமியார் ரெண்டு நாள் பேசவில்லை. தாத்தா கேட்டும் சொல்லவில்லை. அறுபது வருஷம், எத்தனை தேர்தல், யாருக்கும் சொன்னதில்லை.

போன வருஷம் அம்மாவிடம்கூடக் கேட்டுப் பார்த்தேன், அவளுக்கும் தெரியவில்லை. நானே ஒரு தடவை நேராகக் கேட்டிருக்கிறேன். இறப்பதற்கு ரெண்டு மாதம் முன்னால், வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். தலையை வாரிவிட்டுக்கொண்டே, "இப்பவாவது சொல்லு அம்மாச்சி, மாட்டுப் பெட்டியா, மத்ததா?"

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "போட்டாச்சு. மூடியாச்சு. பேன் இருக்கான்னு பாரு."